ஜன்னத் தைத்த ஓட்டைப் பை

இறந்தவர் உடம்பில் சுற்றும் கஃபன் துணியில் தையல் இருக்காது. அதுதான் வழக்கம். குளிப்பாட்ட வந்த பெண்களில் ஒருத்தி, துணி விலகாமல் இருக்க ஓரத்தில் ஒரு நூலோட்டம் போட்டுவிடட்டுமா என்று கேட்டாள். ரூபினா வேண்டாம் என்றாள். வழக்கத்துக்காக மட்டும் இல்லை. அவசரத்தில் போட்ட நூலோட்டத்தைப் பார்த்தால் அவள் அம்மா எழுந்து உட்கார்ந்து பிரிக்கச் சொல்லியிருப்பாள்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆண்கள், "அக்பர் அலி சம்சாரம். அமைதியான பொம்பளை" என்று பேசிக்கொண்டார்கள்.

அது பொய். ஜன்னத் அமைதியானவள் இல்லை. ஊர் கலவரப்பட்டு, கோட்டைமேட்டு வீதி முனையில் போலீஸ் சாவடி நின்ற நாட்களில், உள்ளே வர லாரிக்காரர்கள் பயந்தார்கள். ஜன்னத் தார்ப்பாயைத் தலையில் சுமந்துகொண்டு சாவடியைத் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போனாள். பிரித்துக் காட்டச் சொன்ன போலீஸ்காரரிடம், "காட்றனுங்க. ஆனா திருப்பி மடிச்சுக் குடுக்கறது நீங்கதான்" என்றாள். அவர் மடித்தார். கோணலாக மடித்தார் என்று மறுபடியும் மடிக்க வைத்தாள்.

கடைப் பலகையில் அக்பர் அலி தார்ப்பாய்க் கடை என்று இருக்கும். நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்கள் மத்தியில் 'அக்பர் அலி தையல்' என்றால் தனிப் பேச்சு. அந்தத் தையலில் ஓர் ஊசிக் குத்துகூட அக்பர் அலி போட்டதில்லை. அவர் முன்னால் உட்கார்ந்து, வந்தவர்களுக்கு டீ சொல்லி, எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார். கோயமுத்தூர் மரியாதை முழுவதையும் ஒரே ஆளுக்குள் ஊற்றி மூடி போட்டது போல இருப்பார். வெட்டுவது, மடிப்பது, பெரிய மிஷினை மிதிப்பது, மெழுகு பூசுவது எல்லாம் பின்கட்டில் ஜன்னத். பொம்பளை தைத்தது என்று தெரிந்தால் லாரிக்காரன் வாங்குவானா என்று ஆரம்பத்தில் ஒரு பயம் இருந்தது. பயம் போய்விட்டது. பலகை அப்படியே நின்றுவிட்டது. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

மெழுகைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெழுகு பூசாமல் ஒரு முழம் துணி அந்தக் கடையை விட்டு வெளியே போகாது. உருக்கிய மெழுகைத் துணியில் தேய்த்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் உள்ளே இறக்குவார்கள். அப்புறம் மழைக்குத் துணி அசையாது. வாங்க வருகிறவர்கள் அதைக் கேட்பதும் இல்லை, கடைக்காரர்கள் சொல்வதும் இல்லை. சோற்றுக்கு உப்பு மாதிரி.

தொண்ணூற்றாறில் நரசிம்மலு வந்தார். கணபதிப் பகுதியில் ஃபைபர் பட்டறை வைத்திருந்தவர். அதுவரை பம்புசெட்டுக்கு மூடி செய்துகொண்டிருந்தார். அந்த வருஷம் கடல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றிலிருந்து புது வேலை பிடித்திருந்தார். கையில் ஒரு வரைபடத்தாள். ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கு நீளத்துக்கு ஒரு துணிக் குழாய், இரண்டு முனையும் திறந்தது. உடம்பெல்லாம் வட்ட வட்டமாக ஓட்டை.

ஜன்னத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏனுங்க மொதலாளி, ஓட்டையை அடைக்கத்தான் எங்ககிட்ட வருவாங்க. நீங்க ஓட்டை போடச் சொல்லி வாரீங்க?"

"கடலுக்குங்க அம்மணி."

"கடலுக்கு எதுக்குங்க தார்ப்பாய்? நனைஞ்சுபோயிரும்னா?"

"கேளு புள்ள, மொதலாளி சொல்றாரில்ல" என்றார் அக்பர் அலி. பிறகு நரசிம்மலுவிடம், "சரிங்க, தச்சுக் குடுத்தர்லாமுங்க" என்றார், எதை என்று தெரியாமலே.

ரூபினா அப்போது பொறியியல் கல்லூரியில் மூன்றாம் வருஷம், அளவைக் கருவிகள் படித்துக்கொண்டிருந்தாள். வரைபடத்தை அவள்தான் விளக்கினாள். கடலின் மேல்நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று அறிய ஒரு பந்தைக் கடலில் விடுகிறார்கள். பந்துக்குள் ரேடியோ. செயற்கைக்கோள் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் அதைக் கேட்டு, பந்து இப்போது எங்கே என்று கண்டுபிடிக்கிறது. நேற்று அங்கே, இன்று இங்கே என்றால், அந்த இடைவெளிதான் நீரோட்டம். ஆனால் வெறும் பந்தைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். அது சொல்வது காற்றின் கதை, நீரின் கதை அல்ல. அதனால் பந்துக்குக் கீழே நீண்ட கம்பிக் கயிற்றில் இந்தப் பை தொங்குகிறது. உள்நீர் பையைப் பிடித்து இழுக்கும், பை பந்தை இழுக்கும். ஓட்டை இல்லாவிட்டால் பை நீருக்குள் பட்டம் போல ஒரு பக்கமாகப் பாயும். ஓட்டை அதை நேராக நிறுத்தும்.

"அப்ப மேல இருக்கறவன் சொல்ற சேதி பூராவும் என்ற துணியைப் பிடிச்சுத்தான் தொங்குது" என்றாள் ஜன்னத்.

"ஆமாம்மா."

"பரவால்ல."

அதற்குமேல் அவள் சந்தோஷத்தைக் காட்டவில்லை. ஆனால் அன்று மதியம் ஒரு லாரிக்காரரிடம், இனிமேல் வானத்துக்காரங்களுக்குத்தான் முதலில் தைப்பேன், நீங்கள் வரிசையில் நில்லுங்கள் என்று சொன்னது வீதி முனை வரை கேட்டது.

நைலான் கேன்வாஸ் நரசிம்மலு கொடுத்தார். ஜன்னத் இரட்டை மடிப்பு போட்டுத் தைத்தாள். ஒவ்வொரு ஓட்டையின் ஓரத்தையும் நாடா வைத்துச் சுற்றித் தைத்தாள். தைத்து முடித்ததும் மெழுகு பூசினாள். படத்தில் மெழுகு என்று எழுதியிருக்கவில்லை. உப்பு என்றா எழுதி வைப்பார்கள்? ரூபினா பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்தாள். அவளுக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பையை மடித்துக் கட்ட ஒரு காகித நாடா வந்தது. தண்ணீரில் கரைகிற நாடா. கப்பலிலிருந்து கட்டாகவே எறிந்தால் நாடா கரைந்து பை தானாக விரியும். ஜன்னத் ஒரு துண்டை டம்ளர் தண்ணீரில் போட்டுக் கரைவதைப் பார்த்துவிட்டு, இதைக் கண்டுபிடித்தவன் கட்டவும் தெரிந்தவன், விடவும் தெரிந்தவன் என்றாள்.

கப்பல் கிடைக்கும்வரை கட்டுகள் நரசிம்மலுவின் தகரக் கொட்டகையில் கிடந்தன. சித்திரை முழுதும், வைகாசியில் பாதி.

ஆடியில் நரசிம்மலு மறுபடி வந்தார். உட்காரவில்லை. டீ வேண்டாம் என்றார். அந்தக் கடையில் அதற்கு முன் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"தையல் பிரிஞ்சுபோச்சுங்களாமா. அத்தனை பையும் கழண்டு கடலுக்குள்ள போயிருச்சு. பந்து வெறும் பந்தா ஓடுதுன்னு மெட்ராஸ்ல இருந்து போன்."

"அப்படிங்களா. தப்பா இருந்தா மன்னிக்கோணுமுங்க" என்றார் அக்பர் அலி.

"மன்னிக்கறதுக்கு என்னங்க பாயி. தையல்ல குறைன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுத்துருங்க. நான் வேற எடத்துல தச்சுக்கறேன். இல்லீனா என்ற வேலை பூராவும் போயிரும்."

"சரிங்க."

உள்ளே மிஷின் நின்றது. ஜன்னத் கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தாள்.

"ஏனுங்க, பேனாவைக் கீழ வெய்யுங்க" என்றாள் புருஷனிடம். பிறகு, "பிரிஞ்சதை யாருங்க பார்த்தது?"

"மேல இருந்துங்க அம்மணி. சேட்டிலைட்டுல."

"அங்க இருந்து என்ற தையல் தெரியுதுங்களா?"

"தையல் தெரியாதுங்க…"

"தெரியாததைப் பார்த்து எழுதச் சொல்றீங்களா? முடியாதுங்க."

'முடியாதுங்க' என்பதில் 'ங்க' இருந்தது. மரியாதை அதோடு சரி.

நரசிம்மலு போன பிறகு அக்பர் அலி மெதுவாகச் சொன்னார், ஒரு வரிதானே, கடலில் போனது கடலோடு போகட்டும் என்று. ஜன்னத் கேட்கவில்லை. லாரிக்காரர்கள் கணபதிப் பட்டறைகளுக்கும் போகிறவர்கள். 'அக்பர் அலி தையல் பிரிஞ்சுது' என்று ஒரு டீக்கடையில் பேச்சு எழுந்தால் அது அவிநாசி ரோடு முழுதும் ஓடும். அந்தப் பெயரைத் தவிர அந்தக் கடையில் வேறு சொத்து இல்லை. அதைவிட, தையல் பிரிந்தது என்பதை அவள் நம்பவில்லை. கப்பல்காரர்கள் பையைக் கட்ட மறந்துவிட்டு அவள் தலையில் போடுகிறார்கள் என்றாள். அது அபாண்டம்.

அந்த வாரம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து சசிதர் பட்டறைக்கு வந்தார். இளைஞர், பொறுமையானவர். ஜன்னத்தும் ரூபினாவும் போனார்கள். சசிதர் தாள்களை விரித்துக் காட்டினார். பந்துகள் காற்று போன பக்கமே, போகக்கூடாத வேகத்தில் போயிருந்தன. இன்னோர் அடையாளமும் உண்டு. பை தொங்கினால் அலை வரும்போதெல்லாம் பந்து முங்கி முங்கி எழும். பை இல்லாத பந்து அலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எத்தனை நேரம் முங்கியது என்று பந்தே செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிடும். இந்தப் பந்துகள் முங்கவே இல்லை.

"எந்த நாள்ல இருந்து, சார்?" என்றாள் ரூபினா.

"முதல் நாள்ல இருந்தே."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"தையல் பிரியறதுன்னா ஒண்ணு இன்னைக்கு, ஒண்ணு அடுத்த மாசம்னு பிரியணும். எல்லாம் சேர்ந்து முதல் நாளே எப்படி?"

சசிதர் தாளைப் பார்த்தார். "நியாயமான கேள்விதான். ஆனா பை இல்லைங்கறது நிச்சயம்."

"அது எங்க கெடக்குதுன்னு மேல இருந்து தெரியுமில்லீங்க?" என்றாள் ஜன்னத். "போயி எடுத்துட்டு வாங்க. தையலைக் கையில பிடிச்சுப் பார்த்துப்போட்டு அப்பறம் கையெழுத்துப் பேச்சுப் பேசலாம்."

நரசிம்மலு தலையில் கை வைத்தார். "அம்மணி, அது கடலுங்க. உக்கடம் கொளம் இல்லீங்க."

சசிதர் சிரிக்கவில்லை. ஒரு பந்து கரை ஏறிவிட்டது என்றார். பொன்னானிப் பக்கம். நிலத்தில் ஒரே இடத்தில் நின்றபடி இன்னமும் செயற்கைக்கோளோடு பேசிக்கொண்டிருக்கிறது. யாரோ வீட்டுக்கு எடுத்துப் போயிருக்க வேண்டும். அதை மீட்கத்தான் அவர் வந்ததே.

"நானும் வாரேனுங்க" என்றாள் ஜன்னத்.

"பொம்பளைங்க எதுக்குங்க அவ்வளவு தூரம்?" என்றார் நரசிம்மலு.

"குத்தம் சொல்ல நீங்க இவ்வளவு தூரம் வரல்லீங்களா?"

நரசிம்மலுவின் வேனில் பாலக்காடு வழியாகப் போனார்கள். வழியெல்லாம் மழை. பொன்னானியில் கடல் பழுப்பாகக் குமுறிக்கொண்டிருந்தது. ஜன்னத் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கடலைப் பார்க்க அவள் வரவில்லை.

விசாரித்து விசாரித்து ஒரு மீன்காரர் வீட்டைப் பிடித்தார்கள். பந்து கோழிக்கூட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. சசிதர் குழந்தையைப் பார்த்தவர் போல அதை நோக்கி ஓடினார். வீட்டுக்காரி கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த ஆசனம், பாசி பிடித்த ஒரு துணிக் கட்டு.

ஜன்னத் சலாம் சொன்னாள். கொஞ்சம் எழுந்துகொள்ளும்மா என்றாள். வீட்டுக்காரி எழுந்து, அந்தக் கட்டை உதைத்துக் காட்டி, "இது துறக்கான் பற்றில்ல" என்றாள். தோணிக்கு மூடு துணியாக்கலாம் என்று அவள் புருஷன் இழுத்து இழுத்துப் பார்த்தானாம். திறக்க முடியவில்லை. அதனால் ஆசனமாயிற்று.

பை கழன்று போகவே இல்லை. பந்தோடு சேர்ந்து கரைக்கு வந்திருந்தது.

ஜன்னத் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தையல் வரியில் கட்டைவிரலை ஓட்டினாள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. ஓட்டையின் ஓரங்களில். மடிப்பின் விளிம்புகளில்.

"ரூபி, பார்றீ! ஒரு குத்து விட்டிருக்குதா? சொல்லு, விட்டிருக்குதா?" கண் நிறைந்துவிட்டது.

"இல்லம்மா."

கட்டிய நாடா கரைந்து போயிருந்தது. ஆனால் கட்டு கட்டாகவே இருந்தது. ஜன்னத் ஒரு மடிப்பை விரிக்கப் பார்த்தாள். வரவில்லை. நகத்தால் சுரண்டினாள். வெள்ளையாகச் செதில் உதிர்ந்தது. மோந்து பார்த்தாள். மோந்து பார்க்கத் தேவையே இல்லை. அந்த வாசத்தில்தான் அவள் வருஷக்கணக்காகச் சோறு தின்றிருந்தாள்.

அவள் முகம் மாறியதை ரூபினா பார்த்தாள். நரசிம்மலுவும் பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. தகரக் கொட்டகை, சித்திரை வெயில். மெழுகு உருகி மடிப்போடு மடிப்பு ஒட்டி, கடலில் விழுந்ததும் குளிர்ந்து கல்லாகிவிட்டது. பை விரியவே இல்லை. அது ஒரு மூட்டையாகத்தான் பந்துக்குக் கீழே தொங்கியிருக்கிறது. மூட்டையை இழுக்க நீருக்குப் பிடி ஏது?

நரசிம்மலு குனிந்தார். குரலைத் தாழ்த்தினார். "அம்மணி, சார் அங்க பந்தோட இருக்காரு. இதைப் பிரிச்சுபோடுங்க. தையல் நல்லாத்தான் இருந்துச்சு, என்னமோ கயித்துல சிக்கி விரியாமப் போச்சுன்னு சொல்லிக்கலாம். உங்களுக்கும் பேரு கெடாது, எனக்கும் கெடாது."

மீன் ஆயும் கத்தி பக்கத்திலேயே கிடந்தது. நாலு மடிப்பைக் கீறி இழுத்தால் போதும். வந்த காரியம் ஜெயம். செய்யட்டும் என்று ரூபினாவும் ஒரு கணம் நினைத்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜன்னத் கட்டைத் தூக்கினாள். நனைந்த துணி, எருமைக் கன்று கனம். கோழிக்கூடு வரை சுமந்து போய் சசிதரின் காலடியில் தொப்பென்று போட்டாள். கோழிகள் கத்திக்கொண்டு சிதறின.

"தையலைப் பாருங்க சார். இழுத்துப் பாருங்க."

சசிதர் இழுத்தார். "பிரியலைம்மா."

"பேருக்கு இழுக்காதீங்க. காலை ஊனி இழுங்க."

காலை ஊன்றி இழுத்தார். "பிரியலை."

"அதை மொதல்ல எழுதுங்க. எழுதியாச்சுங்களா? இப்ப விரிச்சுப் பாருங்க."

அவரால் விரிக்க முடியவில்லை.

"மெழுகு" என்றாள் ஜன்னத். "ஒட்டிக்கிச்சு. பூசுனது நானு. யாரும் பூசச் சொல்லல்லீங்க, நானாத்தான் பூசுனேன். வெய்யல்ல போட்டு வெச்சது இவுங்க தகரக் கொட்டாயி. அதையும் எழுதுங்க."

"அம்மணி…" என்றார் நரசிம்மலு.

"உங்க கொட்டாயி இல்லீங்களா அது?"

சசிதர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? எப்படியும் தப்பு உங்க பக்கம்தானே வந்து நிக்குது."

"என்னையத் திட்டறதுன்னா சரியான தப்புக்குத் திட்டுங்க" என்றாள் ஜன்னத். "பண்ணாத தப்புக்கு ஒரு சொல் வாங்க மாட்டேன். பண்ணுனதை அடுத்தவங்களுக்குக் குடுக்கவும் மாட்டேன்."

சசிதர் எழுதினார். எழுதிக்கொண்டே, "தைத்தவர், அக்பர் அலி…" என்று முணுமுணுத்தார்.

"அவரு எதுக்குங்க? ஊசி கோக்கத் தெரியாது அவருக்கு. ஜன்னத்துன்னு எழுதுங்க. எழுத்து சரியா இருக்குதான்னு ரூபி பார்த்துக்குவா."

ரூபினா பார்த்தாள். சரியாக இருந்தது. அவள் அம்மாவின் பெயர் ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் எழுதப்பட்டு அவள் பார்த்தது அதுதான் முதல்முறை. குற்றப் பக்கத்தில்.

ஆசனம் போய்விட்டதே என்று வீட்டுக்காரி நின்றாள். ஜன்னத் அவளுக்கு ஒரு தோணித் தார்ப்பாய் அனுப்புவதாகச் சொன்னாள். அனுப்பினாள். நன்றாக மெழுகு பூசி.

ஊர் திரும்பியதும் அக்பர் அலி கேட்டார், "என்ன எழுதினாங்க?"

"நம்ம தப்புன்னு எழுதிட்டாங்க. சரியா எழுதிட்டாங்க."

"சரிங்க" என்றார் அவர், பழக்கத்தில், பொண்டாட்டியிடமே.

விஷயம் லாரிக்காரர்களுக்குப் போகத்தான் செய்தது. "ஏனுங்க பாயி, கடலையே மூடப் பார்த்தீங்களாமா?" என்று கேலி பேசினார்கள். பின்கட்டிலிருந்து பதில் வரும்: "மூடியிருப்பேன். உன்ற லாரியைத்தான் மூட முடியாது, அத்தனை ஓட்டை." தையல் பிரிந்தது என்று மட்டும் ஒருவனும் சொல்லவில்லை. நரசிம்மலு அதற்குப் பிறகு கடைப் பக்கம் வரவில்லை. வழியில் பார்த்தால் நலம் விசாரிப்பார், அவ்வளவுதான்.

மறுவருஷம் சசிதர் நேராகவே வந்தார். டீ குடித்தார். அதே வரைபடம், ஒரே ஒரு வரி புதிது: துணியில் மெழுகு எதுவும் பூசக்கூடாது. ரூபினா படித்துக் காட்டினாள்.

"அந்த வரி யாருது?" என்றாள் ஜன்னத்.

"உங்களுதுதாம்மா" என்றார் சசிதர்.

தைக்கும் நாட்களில் மெழுகுச் சட்டியை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தாள். கை தானாகப் போய்விடும், நம்ப முடியாது என்றாள்.

படிப்பின் கடைசி வேலைக்காக ரூபினா மெட்ராஸில் சசிதரின் நிலையத்தில் இருந்தபோது அந்தப் பந்துகளின் தடம் வரத் தொடங்கியது. முங்கி முங்கி எழுந்தன. மெல்லப் போயின. ஒன்று வட்டமடித்தது. ஒன்றின் தடத்தைப் பார்த்துவிட்டு அவள் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள்.

"அம்மா, அங்க காத்து கெழக்கே தள்ளுது. உன்ற பந்து மேக்க போகுது. காத்துக்கு எதுக்கால போகுதும்மா."

"போகாம?" என்றாள் ஜன்னத். "காசு ஏறுது, வைய்யி போனை."

பந்துக்குள் இருக்கும் பேட்டரிக்கு ஆயுசு கொஞ்சம்தான். அது தீர்ந்தால் பந்து எங்கே என்று மேலிருந்தும் தெரியாது. பேச்சு நின்றுவிடும். ஆனால் பை இருக்கும். எங்கோ நீருக்குள், அத்தனை ஓட்டையோடும், விரிந்து தொங்கிக்கொண்டிருக்கும். தையல் பிரிந்திருக்காது.

பிரிந்தது என்று சொல்கிறவர்கள் போய் எடுத்துக்கொண்டு வரட்டும். கையில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பேசலாம்.